ஏலம் போன கரிப்படம்

எங்கள் வீட்டில் எதுவானாலும் முதலில் ஆண்டவருக்கு. கோழி முதல் முட்டை இட்டால் அது கோயிலுக்குப் போகும். வேதக்கோயிலைத்தான் சொல்கிறேன், நாங்கள் மிஷன் சபைக்காரர்கள். வாழை முதல் குலை தள்ளினால் அதுவும் கோயிலுக்கு. கொட்டாரம் ஊருக்கு மேற்கே வயலை ஒட்டி இருந்த எங்கள் ஊரில் எல்லாருமே இப்படித்தான் என்றாலும், என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. நான் முதன்முதலாகப் பின்னிய லேஸ் துண்டு பல் போன சீப்பு மாதிரி இருந்தது. அதையும் கொண்டுபோய்க் காணிக்கைத் தட்டில் வைத்தவள் அவள். அதை வைத்துக்கொண்டு போதகர் என்ன செய்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். வயதாகிவிட்டதால் குரல் அப்படி வருகிறது. உள்ளே அது இன்னமும் ஆறவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. அப்பா கொழும்புக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. முதலில் தகவல் வந்தது, பிறகு தகவலும் நின்றுபோனது. அம்மா மிஷனுக்கு லேஸ் பின்னிக்கொடுத்து எங்கள் இருவர் வயிற்றையும் கழுவிக்கொண்டிருந்தாள். வைக்கோல் இறுக்கி அடைத்த ஒரு திண்டை மடியில் சாய்த்து வைத்துக்கொள்வாள். அதன்மேல் குண்டூசிகள் குத்தியிருக்கும். நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றிப் போடுவாள். நாள் முழுக்க அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம்தான் எங்கள் வீட்டில். அப்படிப் பின்னுவதெல்லாம் கப்பலேறிச் சீமைக்குப் போய் யாரோ ஒருத்தியின் கழுத்தைச் சுற்றும். எங்கள் சபையில் பாதிப் பெண்களுக்கு இதுதான் பிழைப்பு.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெண்பிள்ளைக்கு என்ன? திண்டு. அந்த வருஷம் நான் ஐந்தை முடிக்கிற வருஷம்.

எனக்குப் படம் வரைய வரும். எப்படி வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு எங்கள் ஆட்கள் போகக்கூடாது என்று கண்டிப்பு. ஆனால் கொடைக்கடைகளில் பாத்திரம் சகாயமாகக் கிடைக்கும் என்று எல்லாப் பெண்களும் போவார்கள், அம்மாவும் போவாள். அங்கே ஒருவன் பெரிய சீலையில் மலையும் ஆறும் அன்னமும் எழுதித் தொங்கவிட்டிருந்தான், அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ பிடிப்பதற்கு. அந்த அன்னத்தின் கழுத்து தப்பு என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து அடுப்புக்கரியை எடுத்து, எங்கள் குளத்தில் நிற்கும் கொக்கின் கழுத்தைச் சுவரில் போட்டேன். அம்மா அடித்தாள். அடித்துவிட்டு, அந்தக் கொக்கை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டு மற்றச் சுவரையெல்லாம் வெள்ளையடித்தாள். அதுதான் அம்மா. அவளை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கே வந்தார். நாகர்கோவிலில் மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில், அங்கே தலைவியாக இருந்த வெள்ளைக்காரத் துரைசானி புதிதாக ஒரு வகுப்பு தொடங்குகிறாராம். ஊர்ப் பள்ளிகளில் தனித் திறமை உள்ள பெண்பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து, சோறும் துணியும் கொடுத்துப் படிக்கவைப்பார்களாம். படம் நன்றாக வந்தால் பிறகு மதராசுக்கே அனுப்புவார்களாம். விண்ணப்பம் என்று வெறும் தாள் போதாது. பிள்ளையின் கைவேலைகளையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவரவேண்டும். கையெழுத்து, சொந்தமாக எழுதிய கட்டுரை, தையல், அப்புறம் அந்தப் பிள்ளைக்கு எது கைவந்ததோ அதில் ஆகச் சிறந்தது ஒன்று.

"இந்தப் பிள்ளைய லேஸ் திண்டுல கெட்டிப் போட்டுராத கேட்டியா," என்றார் வாத்தியார் அம்மாவிடம். "கட்டு நல்லா இருந்தா கெடைக்கும். எனக்கு நம்பிக்கை உண்டு."

அம்மா கட்டைகளைத் திண்டின் மேல் வைத்தாள். "கிடைச்சா போகட்டு சார்," என்றாள்.

வாத்தியார் எங்கிருந்தோ இரண்டு கெட்டித் தாள் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய வெள்ளைத் தாள், தடவினால் துணி மாதிரி இருக்கும். அப்படி ஒரு தாளை நான் அதற்குமுன் தொட்டதில்லை. ஒன்றில் பழகிப் பார்த்துவிட்டு மற்றதில் நன்றாகப் போடு என்றார். மூன்றாவது கேட்காதே, கிடைக்காது என்றும் சொன்னார்.

என்ன வரைவது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. அம்மாவின் கைகள். பிறந்ததிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரட்டைக்கரியைக் கல்லில் உரசி முனை பிடித்துக்கொண்டு, அவள் பின்னிக்கொண்டிருக்கும்போதே எதிரில் உட்கார்ந்து போட்டேன். அவள் என்னைக் கவனிக்கவேயில்லை. ஆர்டர் அவசரம், அவள் பாட்டுக்குக் கட்டைகளை வீசிக்கொண்டிருந்தாள். பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும் அவளுக்கு. அதைப் போட்டேன். நூல் அறுத்து அறுத்து ஆள்காட்டி விரலில் விழுந்திருந்த கோட்டைப் போட்டேன். ஒரு கட்டையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கப்போகிற அந்த நொடியில் விரல்கள் ஒரு மாதிரி விரிந்து நிற்கும், அது எப்படியோ தாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. பழக்கத் தாளில்தான் போட்டேன். போட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தேன். இரண்டாவது தாள் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாத்தியாரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், அம்மாவின் கைகளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "பெட்டியைக் கெட்டிக்கிடு பிள்ளே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நான் உண்மையாகவே என் பாவாடைகளை எடுத்து மடித்து வைத்தேன். எப்பேர்ப்பட்ட மடைச்சி.

கட்டு கொண்டுபோகவேண்டிய நாளுக்கு முந்திய ஞாயிறு எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை, விளைச்சலின் முதல் பலனைக் கோயிலுக்குக் கொடுக்கும் நாள். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து தலை துவட்டும் துவர்த்து ஒன்றுக்குள் வைத்துச் சுருட்டினாள். நான் பார்த்துவிட்டேன்.

"எங்க கொண்டு போறே?"

"கோயிலுக்கு. உனக்க கையில விளைஞ்ச மொதப் பலன் இதுதானே. இதுக்கு முந்திப் போட்டதெல்லாம் கிறுக்கல். மொதல்ல அவருக்குக் குடுக்காம துரைசானிக்குக் கொண்டு குடுத்தா அது விளங்குமா?"

துவர்த்தின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். "அது கட்டுக்குள்ளதாக்கும். அத மாதிரி எனக்கு இனி வராது," என்றேன்.

"ஏன் வராது? ஒண்ணு போட்டவளுக்கு இன்னொண்ணு போடத் தெரியாதா? கோழி ஒரு முட்டையோடயா நிறுத்துது? அதான் இன்னொரு தாள் இருக்குல்லா. ஏட்டி, மொத முட்டைய நாம வச்சுக்கிட்ட கோழி எதாவது உருப்பட்டிருக்கா, சொல்லு பாப்பம்."

படமும் முட்டையும் ஒன்றில்லை என்று அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும், என் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியாது. வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் பதறிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வந்தவர், காணிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் அடங்கிவிட்டார். அவரும் அதே சபைதானே. "பின்ன... காணிக்கைன்னு நேந்தாச்சுன்னா..." என்று இழுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். வாழைக்குலை, பூசணி, காலைக் கட்டிப் போட்ட சேவல், கூடை கூடையாகக் கிழங்கு, எல்லாம் வரிசையாக இருக்கும். போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏலம் விளிப்பார். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணிக்கைப் பொருள் ஒன்று எல்லார் மனதுக்கும் பிடித்துவிட்டால், எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். எடுத்த கையோடு மறுபடி கோயிலுக்கே கொடுத்துவிடுவார். அது திரும்ப ஏலத்துக்கு வரும். அடுத்தவர் எடுப்பார், அவரும் கொடுப்பார். ஒரே முட்டை நாலைந்து தடவை ஏலம் போனதுண்டு. கொடுத்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

படம் வந்தபோது முதலில் சிரித்தார்கள். படத்தை எவன் தின்பான் என்று யாரோ கேட்டார். உபதேசியார் அதை விரித்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து கிட்டே வந்தார்கள். "இது அவளுக்க கைதான். அந்த நகத்தைப் பாரு," என்றாள் ஒருத்தி. "கை இப்பம் அசஞ்சிரும் போல இருக்கு," என்றாள் இன்னொருத்தி. அவர்களெல்லாம் லேஸ் பின்னுகிறவர்கள். அவர்களுக்குத் தெரியும். சிலர் தங்கள் கைகளையே திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். நானும் மனுஷிதானே, அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொட்டாரம் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி முதலில் எடுத்தார். எடுத்து, இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கோயிலுக்கே தந்தாச்சு. மறுபடி விளியும்."

அவர் வெள்ளைச் சட்டையில் கரி பட்டிருந்தது. அதை நான்தான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

அடுத்து ஒருவர் எடுத்தார். சேவலைப் பிடித்து ஈரமான கையால் வாங்கினார். அவரும் கொடுத்தார். பிறகு பெண்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்தார்கள். ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி வாங்கி, விரலால் விரலைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பிறகு வாத்தியார் எடுத்தார். ஆமாம், அவரும்தான். அவர் கண் கலங்கியிருந்தது. அவரும் கொடுத்துவிட்டார். என் வாழ்நாளில் எங்கள் கோயிலில் எந்தப் பொருளும் அத்தனை தடவை ஏலம் போனதில்லை. பிள்ளைகள் தொட்டார்கள். யாரோ சுருட்டினார்கள், யாரோ விரித்தார்கள். வெயிலில் எல்லார் கையும் வேர்த்திருந்தது. கரிப்படத்தைத் தொடக்கூடாது என்றோ, தொட்டாலும் கலையாமல் அதன்மேல் எதையாவது தெளித்து நிறுத்தவேண்டும் என்றோ எங்களில் யாருக்குத் தெரியும்? கலைகிறது, கலைகிறது என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில்.

கடைசியில் மறுபடியும் அந்தப் பலசரக்குக் கடைக்காரரே எடுத்தார். எடுத்து நேராக அம்மாவிடம் வந்தார். "ஆண்டவருக்குச் சேரவேண்டியது சேந்தாச்சு. இனி இத உனக்க மகளுக்கக் கட்டுல வச்சு அனுப்பு தாயி. பிள்ளை நல்லா வரட்டு," என்றார். நல்ல மனுஷன். அன்று அங்கே கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. அதனால்தான் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போயிற்று.

விரித்துப் பார்த்தேன். தாள் நடுவில் மழைமேகம் மாதிரி ஒரு சாம்பல் அப்பல். அவ்வளவுதான். முற்றத்தில் எல்லாரும் வேட்டியிலும் சேலைத் தலைப்பிலும் விரலைத் துடைத்துக்கொண்டு கிழங்கு ஏலத்துக்கு நகர்ந்திருந்தார்கள்.

மறுநாள் இரண்டாவது தாளை எடுத்தேன். "நீ பின்னும்மா, நான் போடுகேன்," என்றேன். அம்மா குளித்து, கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டி, கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். திண்டின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். ஆடவில்லை.

"பின்னு."

"பின்னுனா கை ஆடும் மக்களே. ஆடுனா நீ எப்படிப் போடுவே? நேத்து உனக்க படத்துக்கு எவ்வளவு மரியாதை. இன்னைக்கு நான் ஒழுங்கா இருந்து தருகேன்."

மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பாவம். நான் கெஞ்சினேன், அழுதேன், சும்மா பின்னுவதுபோலப் பின்னச் சொன்னேன். அவள் இரண்டு கட்டையை மெதுவாக எடுத்து மெதுவாக வைத்தாள், யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு. இனி எப்போதும் அந்தக் கைகள் என் முன்னால் தம்மை மறந்து இருக்கப்போவதில்லை. பார்க்கப்படுகிறோம் என்று அவற்றுக்குத் தெரிந்துபோயிற்று. நினைவிலிருந்து போட முயன்றேன். அதுவும் வரவில்லை. முந்தின நாள் முற்றம் முழுக்க அந்தக் கைகளைத் தடவிக்கொண்டிருந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. முடித்தபோது தாளில் இரண்டு கை இருந்தது. அளவெல்லாம் சரி. மரத்தில் செதுக்கி வைத்த கைகள்.

வாத்தியார் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டினார். கையெழுத்து, கட்டுரை, தையல், இந்தப் படம். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சாம்பல் தாளையும் வைக்கச் சொன்னாள் அம்மா. "அதுல சபையே கை வச்சிருக்கு," என்றாள். வாத்தியார் வைத்தார்.

நாகர்கோவிலில் விடுதிப் பள்ளிக்கூடத்துத் துரைசானி நன்றாகத் தமிழ் பேசுவார், வேதப்புத்தகத் தமிழ். என்னையும் அம்மாவையும் முன்னால் நிறுத்திக் கட்டைப் பிரித்தார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வரைந்த செம்பருத்திப் படம் அவர் மேசைமேல் இருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, என் முதல் படத்துக்கு அது உறை போடக் காணாது. என் இரண்டாவது படத்தைவிட அது நல்ல படம் என்பதும் தெரிந்தது.

துரைசானி என் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தார். "மகளே, உன் ஆசிரியர் உன்னைக் குறித்து மிகவும் மேன்மையாக எழுதியிருக்கிறார். இதைப் பார்க்கிலும் நல்ல படம் ஏதாவது வரைந்திருக்கிறாயா?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வாய் வந்ததோ. பழக்கத் தாளில் வரைந்தது, அம்மா கொண்டுபோனது, ஏலத்தில் திரும்பத் திரும்பப் போனது, கரி கலைந்தது, எல்லாம். துரைசானி அடியிலிருந்த சாம்பல் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன. அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சாம்பலுக்குள்ளே என் படம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கைகூப்பினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தாள், விடுதியில் எப்படி நடந்துகொள்ளவேண்டும், எப்படிச் சாப்பிடவேண்டும் என்று.

கொஞ்ச நாளில் வாத்தியார் நாகர்கோவில் போய் விசாரித்துவிட்டு வந்தார். எடுத்த பிள்ளைகளில் நான் இல்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார், வீட்டுக்குள் வரவில்லை. செம்பருத்திப் பெண் எடுபட்டிருந்தாள். நான் பட்டினி கிடந்தேன், அம்மா எழுப்பி ஊட்டினாள்.

அதற்கு அடுத்த மாதம் மிஷன் பெண்களுக்கெல்லாம் நாகர்கோவிலில் கூட்டம். அம்மா காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள். வாசலில் ஏறும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"உனக்க கதையத்தான் மக்களே துரைசானி பேசினாவ. அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாவ. உள்ளதில் நல்லத ஆண்டவருக்குக் குடுத்த பிள்ளைன்னாவ. அவ்வளவு பொம்பிளையளும் அழுதாளுவ. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வந்து எனக்க கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தாளுவ."

நான் கேட்டேன்: "எனக்கு ஏன் எடம் தரல்லன்னு கேட்டியா?"

"கேட்டேனே. சும்மா விடுவேனா?" என்றாள் அம்மா. என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். "இப்பிடிப்பட்ட தாய்க்கிட்ட இருந்து பிள்ளையப் பிரிக்க மனசு வரல்லன்னு சொன்னாவ. படத்தையெல்லாம் விட இவகிட்ட இருந்து நீ படிக்கதுதான் பெரிய படிப்புன்னு சொன்னாவ. உன்ன எங்கிட்டயே விட்டுத் தந்திருக்காவ மக்களே."

அவள் அத்தனை சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொழும்புக்குப் போனவர் போனார், இனி மகளும் போய்விடுவாள் என்று அவள் எத்தனை நாள் பயந்து கிடந்தாளோ.

சேலைகூட மாற்றாமல் பெட்டியைத் திறந்து கோடித்துணி எடுத்தாள். எனக்கென்று தனியாக ஒரு திண்டு தைக்க உட்கார்ந்தாள். அந்திவெளிச்சத்தில் அவளுக்கு ஊசிக்கண் தெரியவில்லை. ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.